வலது கட்டைவிரலில் ஆன்மா

நன்றாக இருக்கிற ஒன்றை அப்படியே விட்டுவைக்கக் கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் உண்டு. அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே ஒரு விளையாட்டுக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்கள் என்பது என் சந்தேகம். இல்லாவிட்டால் ஒரு குட்டிக் கார் பந்தயத்தைக் கெடுப்பதற்கு அவர்களுக்கு அத்தனை மாடிக் கட்டிடம் தேவைப்பட்டிருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். என் அக்காவும் அவள் கணவரும் பல வருஷமாக வீட்டு டிவியில் ஒரு கார் பந்தய விளையாட்டு ஆடிவந்தார்கள். மாமா டவுன் பஸ் ஓட்டுநர். அக்கா அதே டிப்போவில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவள். விளையாட்டில் திரை நடுவே இரண்டாகப் பிரியும். மேல் பாதி அக்காவுக்கு, கீழ்ப் பாதி மாமாவுக்கு. மாமா தொழில்முறை ஓட்டுநர் என்பதால் படுமோசமாக ஓட்டுவார். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பார். பின்னால் ஹாரன் கேட்டால் வழிவிடுவார். குறுக்கே போன வாத்துக் கூட்டத்துக்காக வெற்றிக் கோட்டுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு அந்தப் பாவ புண்ணியமெல்லாம் கிடையாது. நாள் முழுக்க அவரை "ஏங்க" என்று கூப்பிடுகிறவள், பந்தயம் தொடங்கியதும் "ஒதுங்கு" என்று கத்திக்கொண்டே அவர் வண்டியை இடித்துத் தள்ளிவிட்டுப் போவாள். மாமாவை அவள் மரியாதை இல்லாமல் பேசிய ஒரே இடம் அதுதான். மாமாவுக்கும் அதில் கொள்ளை ஆசை. வேண்டுமென்றே குறுக்கே போய் நிற்பார் என்று நினைக்கிறேன், கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பிறகு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சும் போனது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் குடை, பந்து, நாற்காலி என்று படம் படமாகக் காட்டினார். அக்கா அந்தப் படங்களைக் கவுன்ட்டரில் கிழிந்த நோட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தாளே ஒழிய, வாயைத் திறக்கவில்லை. ஒரு சாயங்காலம் வீட்டு நிசப்தம் தாங்காமல் மாமா விளையாட்டைப் போட்டார். அந்தப் பழைய ஆட்டத்தில் எந்தப் பொத்தானை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வேகப் பொத்தானை இடது பக்கத்துக்கு மாற்றி, கைப்பிடியைத் தலையணை மேல் வைத்து, அக்காவின் இடது கையை அதன் மேல் வைத்தார். சும்மா வைத்தார், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் வண்டி நகர்ந்தது. மாமா வழக்கம்போல் குறுக்கே போய் நின்றார்.

"ஒ... துங்கு," என்றாள் அக்கா.

மாமா பந்தயத்தை அப்படியே விட்டுவிட்டு அழுதார். அக்கா அவரை இடித்துவிட்டு முதலில் போய்ச் சேர்ந்தாள்.

பயிற்சி அம்மாள் படங்களையெல்லாம் பைக்குள் வைத்துக்கொண்டார். "விடாம விளையாடுங்க. அவங்களுக்குப் பேச்சு அந்த வழியாத்தான் வருது," என்றார். வந்தது. "போச்சு" வந்தது, "வளைவு" வந்தது, "தோத்தீங்களா" என்று ஒரு முழுக் கேள்வியே வந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பழைய விளையாட்டு இயந்திரம் கண்ணை மூடிவிட்டது. ரிப்பேர்க்காரர் அதைத் திறந்து பார்த்து, மறுபடி மூடி, "இதுக்கு பார்ட்ஸ் வர்றதை நிறுத்திட்டாங்க. புதுசு வந்திருக்கு, கையிலேயே வச்சு ஆடலாம்," என்றார்.

'உங்கள் இளமை இனி உங்கள் உள்ளங்கையில்' என்று ஊரெல்லாம் விளம்பரம் வைத்திருந்தார்கள். மாமா வாங்கிவந்தார். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். அந்தத் திரையிலிருந்த எழுத்தைப் பார்த்ததும், இதைச் செய்தவர்கள் எங்கள் கடைக்குக் கமிஷனில் வேலை செய்கிறார்களோ என்று தோன்றியது. திரை இரண்டாகப் பிரிவதில்லை. இரண்டு பேர் ஆட வேண்டுமானால் இரண்டு இயந்திரம் வாங்க வேண்டும். எல்லோரும் விரும்பிய கடற்கரைப் பாதையை எடுத்துவிட்டு, கம்பெனியின் வாகன நிறுத்துமிடத்தைப் பாதையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் கம்பெனித் தலைவர் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார்; அதைத் தாண்டிப் போக முடியாது. கடைசிச் சுற்றில் யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்கள் தலையில் இடி விழுந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வேகப் பொத்தான் வலது கட்டைவிரலுக்கு மட்டும்தான் இருந்தது. மாற்ற முடியாது.

அக்கா தலையணை மேல் வைத்துப் பார்த்தாள். முழங்காலுக்கு நடுவில் இடுக்கிப் பார்த்தாள். இடது விரலை நீட்டினால் வேகம் வந்தது, வண்டியைத் திருப்ப விரல் இல்லை. மற்ற வண்டிகளெல்லாம் போய்விட, அவள் வண்டி மட்டும் வாகன நிறுத்துமிடத்தில் நின்றது. பார்க்கப்போனால் அந்த இடத்தில் ஒழுங்காக நின்றது அது ஒன்றுதான். நாள் போகப் போக "வளைவு" மறந்துபோனது. "தோத்தீங்களா" போனது. கடைசியில் "ஒதுங்கு"ம் போனது. பயிற்சி அம்மாள் மாமாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "இப்படியே விட்டா திரும்ப வராமலே போயிடலாம்," என்றார். மாமா வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினார்.

கம்பெனிக்குப் போன் செய்தோம். குறைகேட்பு நாளன்று நேரில் வரச் சொன்னார்கள்.

அந்தக் கட்டிடத்தின் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அதே பழைய இயந்திரம், இரண்டு கைப்பிடிகளோடு, மேலே ஒரு தனி விளக்கோடு இருந்தது. குறைகேட்பு தொடங்கும் முன் எல்லோரும் எழுந்து நின்று அதற்கு மௌன மரியாதை செலுத்த வேண்டும் என்றார்கள். சக்கர நாற்காலியில் இருந்த அக்காவைத் தவிர எல்லோரும் நின்றோம்.

மாமா வரவேற்பில் இருந்த பெண்ணிடம் தாழ்ந்த குரலில், "இதுவும் செத்துப் போச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார், நல்லா ஓடற கண்டிஷன்ல இருக்கு."

"அப்படின்னா என் வீட்டுக்காரி ஒரே ஒரு ஆட்டம்..."

"அது விளையாடறதுக்கு இல்ல சார். மதிக்கிறதுக்கு." அவள் கணினியைத் தட்டினாள். "உங்க ரேங்க் என்ன சார்?"

"நான் பஸ் டிரைவர்ம்மா."

"விளையாட்டுல, சார். நல்லா விளையாடறவங்களுக்குத்தானே விளையாட்டுல என்ன குறைன்னு தெரியும்? அதனால ரேங்க்படிதான் உள்ள விடுவோம்."

"விளையாடவே முடியலைங்கறதுதாம்மா எங்க குறை."

"புரியுது சார். ரேங்க் ஏறினதும் வந்து சொல்லுங்க."

முதல் ரேங்க்காரர் விரல் இல்லாத கையுறை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெற்றி பெற்றதும் திரையில் வருகிற கோப்பை போதுமான அளவுக்கு மின்னவில்லை என்பது அவருடைய குறை. குறை கேட்க உட்கார்ந்திருந்த, கம்பெனியின் மகிழ்ச்சித் துறை அதிகாரி நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். உடனே அனுமதி கொடுத்தார். சபை கைதட்டியது. இரண்டாம் ரேங்க்காரர் எழுந்து, முதலாமவரின் கோப்பை மின்னப்போவது தன்னைப் புண்படுத்துகிறது என்றார். அதற்கு ஒரு குழு போட்டார்கள். இப்படியே சாயங்காலம் ஆகி, விளக்கை அணைத்துவிட்டார்கள். எங்கள் முறை வரவில்லை.

மாமா விடுப்புப் போட்டுவிட்டு ரேங்க்கை ஏற்ற உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் இருந்து பார்த்தாள். அந்த மனிதர் வளைவுக்கு வளைவு பிரேக் போட்டார். நான் வாங்கி ஆடினேன். எத்தனை வேகமாகப் போனாலும் பின்னால் வந்தவர்கள் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். ஒருமுறை தப்பித் தவறி முன்னால் போனேன், தலையில் இடி. தோற்றால் ரேங்க் இறங்கியது, ஜெயிக்கத் தெரியவில்லை. அடுத்த குறைகேட்பு நாள் வந்தபோது நாங்கள் இன்னும் கீழே போயிருந்தோம்.

மகிழ்ச்சித் துறை அதிகாரி வெளியே காற்று வாங்க வந்தபோது மாமா அவரைப் பிடித்துக்கொண்டார். "சார், முன்னாடி போனா இடி விழுதே, ஏன் சார்?"

"யாரும் தோத்துப்போன மாதிரி வருத்தப்படக் கூடாதுங்கறது எங்க கொள்கை. அதனால முன்னாடி போறவங்களைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறோம்."

"அப்ப ஜெயிக்கிறவங்க?"

"அவங்களும் ஜெயிச்ச மாதிரி வருத்தப்படக் கூடாது," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அந்தப் பதிலை மாமா பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வருவார், இன்றுவரைக்கும் அவருக்குப் பிடிபடவில்லை.

அன்று எங்களுக்கு யோகம் அடித்தது. நாங்கள் கடைசி இல்லை. கடைசிக்கு முந்தின இடம். எங்களுக்கும் கீழே ஒரே ஒருவர் இருந்தார், கம்பெனித் தலைவர். அவர் தன் இயந்திரத்தின் பெட்டியையே பிரிக்கவில்லை. ஆனால் விதி எல்லோருக்கும் பொது என்பதால், குறைகேட்பின் முடிவில் அவரும் வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒரு குறையும் இல்லை," என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவது வழக்கமாம். போன முறை அவர் ஊரில் இல்லை; இருக்கிற நாளில் அவர் முறை வரும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அதனால் எங்களையும் கூப்பிடவேண்டியதாயிற்று.

மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "பெரிய குறை ஒண்ணும் இல்லைங்க. வேகப் பொத்தானை இடது பக்கம் மாத்திக்கற மாதிரி செஞ்சு கொடுத்தா போதும். இவளுக்கு வலது கை வராது. விளையாடினாத்தான் பேச்சு வரும். எனக்கு அவ பேசணும் சார். வேற ஒண்ணும் வேணாம்."

மகிழ்ச்சித் துறை அதிகாரி நெஞ்சில் கை வைத்தார். "உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா பழைய ஆட்டத்தோட ஆன்மாவே அந்த வலது கட்டைவிரல்லதான் சார் இருக்கு. நாங்க ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது அது."

"பழைய ஆட்டத்துல மாத்திக்கலாமே சார்."

"அது பழைய ஆட்டத்துல இருந்த குறை. நாங்க சரி பண்ணிட்டோம்."

தலைவர் கையை உயர்த்தினார். சாந்தமான முகம். "நான் இந்த ஆட்டத்தை உயிரா நேசிக்கிறவன்," என்றார். "அதனாலதான் இதுவரைக்கும் விளையாடிப் பார்க்கல. விளையாடினா ஏதாவது குறை கண்ணுல பட்டுடுமோன்னு ஒரு பயம். எங்க ஆளுங்களும் அப்படித்தான், இந்தச் சின்னத் திரையில யாரும் ஆடினதில்ல, பெரிய திரையில ஓட விட்டுப் பார்த்து ரசிப்பாங்க. அந்த அளவுக்கு அன்பு. அம்மா எப்படிக் கஷ்டப்படறாங்கன்னு நாங்களும் பார்க்கணும். பெரிய திரையில போடுங்க."

சுவர் அகலத் திரையில் வாகன நிறுத்துமிடம் விரிந்தது. அக்காவின் மடியில் ஓர் இயந்திரத்தை வைத்தார்கள். அவள் அதையே பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு அவள் செய்ததை வீட்டில் ஒருநாளும் செய்ததில்லை. வீட்டில் கையிலிருந்த சின்னத் திரை மட்டும்தானே. இயந்திரத்தை இடது கையால் தூக்கி மோவாய்க்குக் கீழே வைத்தாள். மோவாயால் வேகப் பொத்தானை அழுத்தினாள். இடது கட்டைவிரலால் திருப்பினாள். கையில் இருக்கிற திரை அவளுக்குத் தெரியாது, ஆனால் சுவரில் தெரிந்தது. வண்டி புறப்பட்டது.

நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவனைத் தாண்டினாள், இன்னொருவனைத் தாண்டினாள். தலைவருக்கு உணர்ச்சி மேலிட்டுவிட்டது. எழுந்து வந்து, அக்காவின் முன்னால், சரியாகத் திரையை மறைத்துக்கொண்டு நின்று, கண்ணைத் துடைத்தார்.

"ஒ... துங்கு," என்றாள் அக்கா.

அவள் சொன்னது தலைவரை. கம்பெனியில் யாருக்கும் அது புரியவில்லை. சபை எழுந்து நின்று கைதட்டியது. மாமா குழந்தை மாதிரி தேம்பினார். தலைவர் மட்டும் நகரவில்லை. அவருக்குப் பின்னால் அக்காவின் வண்டி சுவரில் மோதி நின்றது.

"இந்த அம்மா இனிமே இப்படிக் கஷ்டப்படக் கூடாது," என்றார் தலைவர் குரல் நடுங்க. "இது என் வாக்கு. இவங்க ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியிருக்காது."

நாங்கள் அதை நல்ல வார்த்தை என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினோம். மாமா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பொத்தான் மாறியதும் தனக்கும் ஓர் இயந்திரம் வாங்கிவிடப்போவதாகச் சொன்னார். "குறுக்க நிக்க ஆள் வேணும்ல," என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள், ஒரு பக்கத்து வாயால்.

புதிய பதிப்பு வந்தது. 'அனைவருக்கும்' என்று அதற்குப் பெயர். தலைவரின் வாழ்த்துரை முன்பைவிட நீண்டிருந்தது. அதில் அக்காவைப் பற்றியும் சொன்னார். வாழ்த்துரை முடிந்து பந்தயம் தொடங்கியதும் வண்டி தானாகப் புறப்பட்டது. தானாகத் திரும்பியது. தானாக முந்தியது. அக்கா பதறி இடது கட்டைவிரலை வைத்தாள். திரையில் எழுத்து வந்தது. என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தைக் கிட்டத்தில் வைத்துப் படித்தேன்: 'சிரமப்பட வேண்டாம். நீங்கள் ஓய்வெடுங்கள்.'

இதை நிறுத்த வழி இல்லையா என்று தேடினோம். இருந்தது. வலது கட்டைவிரலால் வேகப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் பழையபடி ஆடலாம்.

முன்னால் ஒரு வண்டி குறுக்கே வந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இயந்திரத்துக்குள்ளிருந்து அக்காவின் குரல், "ஒதுங்கு," என்றது. சபையில் பேசுவதையெல்லாம் பதிவு செய்கிறார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நடுவில் இருந்த திணறலை எடுத்துவிட்டு, துடைத்து, பளிச்சென்று ஹாரனாக வைத்திருந்தார்கள். நோய் வருவதற்கு முன்னால் அவள் பேசிய மாதிரியே இருந்தது. மாமா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், யாரோ வந்துவிட்ட மாதிரி. பிறகு தரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அக்கா எதுவும் பேசவில்லை. பயிற்சி அம்மாள் மறுபடி குடைப் படத்தை எடுத்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மோவாய் வித்தையை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று இயந்திரத்தை வீட்டு டிவியோடு இணைக்க வழி பார்த்தேன். கையடக்க இயந்திரத்தை வெளித்திரையில் இணைக்கும் வசதி கம்பெனிக்குள் மட்டும்தான் உண்டு என்றார்கள்.

ஒரே ஒரு நல்லது நடந்தது. இடி இப்போது தானாக ஓடுகிற வண்டி மேல் விழுவதில்லை. மாமா எந்நேரமும் அதை ஓடவிட்டு, ஓடவிட்டு, அக்காவின் ரேங்க் ஏறிக்கொண்டே போனது. அடுத்த குறைகேட்பு நாளில் அவள்தான் முதலிடம். இனி யார் தடுப்பது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனோம். மௌன மரியாதை முடிந்ததும் முதல் பெயராக அக்காவைத்தான் கூப்பிட்டார்கள்.

மாமா எழுந்தார். "சார், வண்டி தானா ஓட வேணாம். அந்தக் குரலையும் எடுத்துடுங்க. பொத்தானை மட்டும் மாத்திக் கொடுங்க."

மகிழ்ச்சித் துறை அதிகாரி முகம் மலர்ந்து பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "பார்த்தீங்களா, இந்த அடக்கம்தான் முதலிடத்துக்கு அழகு," என்றார். பிறகு மாமாவின் தோளில் கை வைத்தார். "சார், பொத்தானை அழுத்த முடியலைங்கறது உங்க குறை. அழுத்தாமலே முதலிடம் வந்துட்டாங்க. இதுக்கு மேல அவங்களை எங்க கொண்டுபோறது?"

"அவ பேசலைங்க," என்றார் மாமா.

"எங்க ஆட்டம் விக்கிற ஊரெல்லாம் அவங்க குரல்தான் சார் பேசுது."

அத்தனை வருஷம் நெரிசலில் பஸ் ஓட்டியவர், கூடத்தின் நடுவில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார். அக்காவுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடிப் பெட்டியைக் கடக்கும்போது அவள் இடது கை அந்தக் கண்ணாடியைத் தொட்டது. தொடக் கூடாது என்று வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் இருந்தேன். சோபாவில் அக்கா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. மாமா எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிச் சுற்று. வண்டிக்கு முன்னால் எவனோ குறுக்கே வந்தான்.

"ஒதுங்கு," என்றது அக்காவின் குரல்.

அக்கா இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இடது கையைச் சோபாவில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

"யாருக்கும்மா இடம் விடுற?" என்று கேட்டார் மாமா. அவள் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா முகத்தை மூடிக்கொண்டார்.

பந்தயம் முடிந்து திரையில் கோப்பை வந்தது. நன்றாகவே மின்னியது. அந்த ஒரு குறையை மட்டும் ஒழுங்காகச் சரிசெய்திருந்தார்கள்.